வேட்டுவர் விழி: இலங்கையில் மான் வேட்டையும் மான் காட்சியும்

இலங்கையின் காடுகளுள் மானைக் கண்டு வருவதற்கென்றே மக்கள் கட்டணஞ் செலுத்திச் செல்லும் வழக்கம் மிகப் பழைமை வாய்ந்ததன்று. 1938ஆம் ஆண்டிலே யாலவும் வில்பத்தும் தேசிய பூங்காக்களாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட பின்னரே அது சட்டத்தின் அங்கீகாரம் பெற்றதொரு பொழுதுபோக்காயிற்று. அதற்கு முந்திய நூறாண்டுகளில் இன்பந் தேடிக் காட்டினுட் புகுந்தவன் பெரும்பாலும் துவக்கோடுதான் புகுந்தான். ஒரே விலங்கு, ஒரே காடு, ஒரே நீர்நிலை. ஆயினும் அங்குச் செல்பவன் நாடிய இன்பம் வேறாயிற்று. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பது வரலாற்று மாணவரின் கவனத்தைப் போதியளவு பெறாத ஒரு வினா ஆகும்.

இவ்வினாவிற்கு இரண்டு விடைகள் வழக்கமாகக் கூறப்படுவதுண்டு. உயிர்க்கொலை தவிர்க்கும் அறம் இந்நாட்டில் ஈராயிரம் ஆண்டுகளாக வேரூன்றியிருந்தது என்றும், இடையில் வந்த அந்நியர் ஆட்சி அதனைக் குலைத்தது என்றும், இன்றைய சரணாலயங்கள் அப்பண்டைய அறத்தின் மறுமலர்ச்சியே என்றும் கூறுவது ஒன்று. மேனாட்டார் கொணர்ந்த விஞ்ஞான அறிவும் நாகரிக உணர்வும் வேட்டை வெறியை அடக்கின என்பது மற்றொன்று. இரண்டும் கேட்பதற்கு இனியவை. இரண்டிலும் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும் சான்றுகளை அணுகி நோக்குமிடத்து, மானைப் பார்த்து மகிழும் கண்ணை நமக்குத் தந்தவன் துறவியுமல்லன், விஞ்ஞானியுமல்லன், வேட்டைக்காரனே என்னும் முடிவுக்கு வரவேண்டியுள்ளது. அக்கண்ணைத் தந்தபோது அவன் வேறு சிலரிடமிருந்து எதனைப் பறித்துக்கொண்டான் என்பதும் உடன் ஆராயற்பாலது.

முதலிற் பண்டைய அறத்தை நோக்குவோம். அசோகனது முதலாம் பாறைச் சாசனம் அரண்மனை அடுக்களையைப் பற்றியது. முன்னர் நாள்தோறும் எண்ணிறந்த உயிர்கள் கறிக்காகக் கொல்லப்பட்டன என்றும், சாசனம் பொறிக்கப்பட்ட காலத்தில் இரு மயில்களும் ஒரு மானுமே கொல்லப்பட்டன என்றும், அம்மானும் தவறாது கொல்லப்படுவதில்லை என்றும், இனி அவையும் கொல்லப்படா என்றும் அது கூறுகின்றது. எட்டாம் சாசனம் இன்னும் பொருத்தமானது. முன்னைய மன்னர் வேட்டை முதலிய கேளிக்கைகளை நாடி யாத்திரை சென்றனர். தானோ முடிசூடிப் பத்தாண்டு கழிந்தபின் அறயாத்திரை மேற்கொண்டதாகவும், அதிற் பெறும் இன்பமே மேலானது எனவும் மன்னன் அதிலே அறிவிக்கின்றான். வேட்டையின் இடத்தில் வேறோர் இன்பம் வைக்கப்படுவது ஈண்டு கவனிக்கத்தக்கது. ஆனால் அவ்வின்பம் துறவியரையும் முதியோரையும் நாட்டு மக்களையும் காண்பதிலுள்ள இன்பம். மானைக் காண்பதன்று. மான் தப்பிப் பிழைத்தது. ஆயினும் மன்னனின் கண் அதன்மேல் நிலைக்கவில்லை.

மகாவம்சம் கூறும் மிகிந்தலைக் கதையும் இத்தகையதே. தேவநம்பிய தீசன் வேட்டைக்குச் சென்றபோது தேவனொருவன் பெருமானின் வடிவெடுத்து மேய்வதுபோல் நின்றான். தன்னை மறந்து மேயும் விலங்கை எய்வது தகாது என எண்ணிய மன்னன் வில் நாணைத் தெறித்து ஒலியெழுப்பினான்; மான் ஓடியது; பின்தொடர்ந்த மன்னன் மகிந்த தேரரைக் கண்டான். இக்கதையின் சமய முக்கியத்துவம் பலரும் அறிந்தது. மேயும் மானை எய்யலாகாது என்னும் மன்னனின் தயக்கம் அத்துணை பேசப்படுவதில்லை. அது இரக்கத்தாற் பிறந்த தயக்கம் அன்று; வேட்டையின் ஒழுங்குவிதி. ஓடாத விலங்கைக் கொல்வது வீரனுக்கு இழுக்கு என்பதே அதன் பொருள். தேரரைக் கண்டதும் மான் கதையிலிருந்து மறைந்துவிடுகின்றது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்கமல்லன், நகரைச் சூழ ஏழு காவத எல்லைக்குள் விலங்குகளைக் கொல்லலாகாது எனக் கட்டளையிட்டமையும், பன்னிரு பெருங்குளங்களின் மீன்களுக்கு அபயமளித்தமையும், பறவை பிடிப்போருக்குப் பொன்னும் துணியும் வழங்கி அத்தொழிலைக் கைவிடச் செய்தமையும் அவன் கல்வெட்டிலிருந்து அறியப்படுகின்றன. தொழிலை இழப்போருக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்று அம்மன்னனுக்குத் தோன்றியிருக்கின்றது. பிற்காலச் சட்டங்கள் எவற்றிலும் இச்சிந்தனையைக் காண்பது அரிது. ஆயினும் அபயமளிப்பது ஒன்று, அபயம் பெற்றதை அமர்ந்து நோக்கி மகிழ்வது வேறொன்று. முன்னையதற்குக் கண் வேண்டியதில்லை, மனம் போதும்.

கண்ணைத் தேடுவோமாயின் அதனைச் சாசனங்களிலன்றிச் செய்யுள்களிலேயே காணவேண்டியுள்ளது. வெயில் சுட்டெரிக்கும் பாலையில் கலைமான் தன் நிழலைப் பிணைக்குக் கொடுத்து நிற்பதைப் பாலைக்கலி காட்டுகின்றது. சுனையில் எஞ்சிய சிறிதளவு நீரைப் பிணை அருந்தட்டும் என்று கலை தான் குடிப்பதுபோலப் பாவனை செய்வதை ஐந்திணை ஐம்பது காட்டுகின்றது. இரண்டாவது புலவனின் கற்பனையாயிருத்தல் கூடும். ஆனால் நண்பகல் வெயிலில் மான்கள் நெருங்கி நிற்பதை நெடுநேரம் நோக்கியிராத சமூகத்தில் முதலாவது காட்சி பிறந்திராது. அக்கண் எவருடையது? குறிஞ்சியிலும் பாலையிலும் வாழ்ந்த எயினர், வேட்டுவர் ஆகியோருடையது என்றே கொள்ளவேண்டும். புலவன் அதனை இரவல் வாங்கினான். செய்யுளில் அம்மான்கள் தமக்காக நிற்கவில்லை. தலைவனுக்கு அன்பை நினைவூட்டவே நிற்கின்றன. கருப்பொருளின் வழியாகத் தோன்றும் இக்குறிப்புப் பொருளுக்குத் தமிழ் இலக்கணம் ‘இறைச்சி’ என்று பெயரிட்டது. உணவுக்கும் உணர்வுக்கும் ஒரே சொல் வாய்த்தமை தற்செயலாயின் அது வியத்தற்குரிய தற்செயலே.

இனி, மானை உண்டு வாழ்ந்தோரை நோக்குவோம். வேடர் இறைச்சியைத் துண்டங்களாக்கித் தேனிலிட்டு மரப்பொந்துகளிற் சேமித்ததைப் பதினேழாம் நூற்றாண்டிலே கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் தமது 1681ஆம் ஆண்டு நூலிற் குறிப்பிட்டுள்ளார். வன்னியிலும் கிழக்கிலும் மான் வத்தலும் மரை வத்தலும் அண்மைக்காலம் வரை வீட்டு உணவின் பகுதியாயிருந்தன. கோடையில் வற்றிக்கொண்டிருக்கும் நீர்மோட்டை அருகே பரண் கட்டியோ பள்ளந் தோண்டியோ இரவு முழுவதும் அசையாதிருக்கும் வேட்டைக்காரன் காற்று வரும் திசையை அறிவான். ஈர மண்ணிற் பதிந்த குளம்படியைக் கண்டு, சென்றது கலையா பிணையா, எத்தனை நாழிகைக்கு முன்னர் சென்றது எனச் சொல்வான். மந்திகள் எழுப்பும் ஓசையிலிருந்து புலியின் வரவை உணர்வான். (நம் நாட்டிற் புலி எனப்படுவது சிறுத்தையே, வரிப்புலி இங்கில்லை.) இவையனைத்தும் நுட்பமான அவதானிப்புக்கள். ஆனால் அவதானிப்பு அவனுக்கு ஒரு கருவி. மான் தோளைக் காட்டித் திரும்பும் அக்கணத்தில் பார்வை முடிந்து செயல் தொடங்கிவிடுகின்றது. வீட்டிற் பசித்திருப்போரின் நினைவு அவனை அதற்குமேற் பார்க்கவிடுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்காடுகளுக்கு வந்த ஆங்கிலேயர் பசியினால் வேட்டையாடியவரல்லர். இவ்வேறுபாடே நமது ஆராய்ச்சிக்கு மையமானது. மேஜர் றோஜர்ஸ் என்பார் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகின்றது. 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். அரசாங்கமே யானைக் கொலைக்குப் பரிசு வழங்கிய காலம் அது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வட மாகாணத்தில் மாத்திரம் 3,500 யானைகளுக்குப் பரிசு கொடுக்கப்பட்டதாக எமேர்சன் ரெனன்ற் எழுதியுள்ளார். இத்தகைய காலத்தில் மானைக் கணக்கெடுக்க ஒருவரும் முனைந்திலர்.

ஆனால் மானை விரிவாக எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் சாமுவெல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடிச் சென்று 1864இல் அல்பேர்ட் ஏரியைக் கண்ட அதே பேக்கர்தான். 1848இல் நுவரெலியாவில் ஆங்கிலக் குடியேற்றம் ஒன்றை நிறுவ முற்பட்டு, குடியானவர்களையும் கால்நடைகளையும் வேட்டை நாய்களையும் கப்பலேற்றிக் கொணர்ந்தார். 1855இல் நாடு திரும்புவதற்கிடையில் அவர் நடத்திய வேட்டைகள் இரு நூல்களாயின. நுவரெலியாவிலிருந்து ஹோட்டன் சமவெளி வரை பரந்த புல்வெளிகளும் அவற்றைச் சூழ்ந்த அடர்காடுகளுமே அவரது களம். வேட்டையாடப்பட்டது மரை. அவ்விலங்கு இங்கிலாந்தில் இல்லாமையால் ஆங்கிலேயர் அதற்கு வடநாட்டுப் பெருமான் ஒன்றின் பெயரைச் சூட்டி அழைத்தனர். பெயர் தவறு, ஆனால் அவர்களது மனநிலையை அது காட்டுகின்றது. தாயகத்துக் கலைமான் வேட்டையை ஆறாயிரம் அடி உயரத்தில் மீண்டும் நிகழ்த்தவே அவர்கள் விரும்பினர்.

பேக்கரின் முறை விசித்திரமானது. மலைநாட்டு மரை வேட்டைக்கு அவர் பெரும்பாலும் துவக்கை எடுத்துச் செல்வதில்லை. நாய்க் கூட்டம் மரையைக் கிளப்பித் துரத்தும். களைத்த மரை ஆற்றிலோ மடுவிலோ இறங்கி, பாறையை முதுகுக்கு அரணாகக் கொண்டு கொம்பைத் தாழ்த்தி நாய்களை எதிர்த்து நிற்கும். அப்போது வேட்டைக்காரன் நீரிலிறங்கிக் கத்தியாற் குத்துவான். காடு மிக அடர்த்தியாகையால் துரத்தலின் பெரும்பகுதியை அவர் காணமுடியாது. மேட்டில் நின்று நாய்களின் குரலைச் செவிமடுத்தே, மரை எவ்வோடையைக் கடக்கின்றது, எங்கே திரும்புகின்றது என ஊகித்தறிவார். இறுதியில் மடுவை அடைந்து, நீர் சொட்டச் சொட்ட நிற்கும் மரையைக் காணும்போது அவரது எழுத்து வேறொன்றாகின்றது. வியப்பும் மதிப்பும் அதிற் கலக்கின்றன. விலங்கின் துணிவைப் போற்றுகின்றார். அருவியையும் பாறையையும் வருணிக்கின்றார். பிறகு கொல்கின்றார். அடுத்த நாளும் அவ்வாறே.

இதனைக் கபடம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அவ்வாறு ஒதுக்குவோர் முக்கியமானதொன்றைத் தவறவிடுவர். உணவுக்காகவன்றிப் பொழுதுபோக்கிற்காக வேட்டையாடுபவனிடத்தே, கொலையின் பயன் அனைத்தும் கழிந்துபோய் எஞ்சுவது காட்சியும் நினைவும் மாத்திரமே. இறைச்சி நாய்களுக்கும் கூலியாட்களுக்கும் செல்கின்றது. கொம்பு சுவருக்குச் செல்கின்றது. கொம்பும் காட்சியின் நினைவுச் சின்னமே. ஆகவே வேட்டைக்காரனின் இன்பத்தில் முக்காற் பங்கு பார்வையின்பமாக ஏற்கனவே மாறியிருந்தது. கத்தி அதன் முற்றுப்புள்ளியாக மட்டும் நின்றது. அம்முற்றுப்புள்ளி இல்லாமலும் வாக்கியம் தொடரலாம் என்று எவரேனும் ஒருவருக்குத் தோன்றவேண்டியதே எஞ்சியிருந்தது. வத்தலுக்காக வேட்டையாடிய வன்னிக் கிராமத்தவனுக்கு அவ்வாறு தோன்றுவதற்கு வாய்ப்பில்லை.

அது தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு சென்றது. அதற்குத் தூண்டுகோலாயமைந்தது இரக்கமன்று, பற்றாக்குறை. கோப்பித் தோட்டங்களும் அவற்றையடுத்துத் தேயிலைத் தோட்டங்களும் மலைக்காடுகளை விழுங்கின. தாழ்நிலத்தில் துவக்குகள் பெருகின. மான் தோலும் கொம்பும் ஏற்றுமதிப் பண்டங்களாயின. வேட்டைக்கு விலங்கு இல்லாமற்போகும் என்னும் அச்சம் வேட்டைக்காரரையே முதலிற் பற்றிக்கொண்டது. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அதனை நிறுவியோர் தோட்டத்துரைமாரும் வேட்டைப் பிரியருமே. ஹோட்டன் சமவெளியில் இன்றும் நிற்கும் பார் விடுதி, மரை வேட்டையிற் பேர்போன தோமஸ் பார் என்னும் தோட்டத்துரையின் பெயரைத் தாங்கி 1901இல் வேட்டைக்காரர் தங்குமிடமாக எழுந்தது. பாதுகாப்புச் சங்கத்தின் வரலாற்றிலும் அப்பெயர் வருகின்றது. கொல்பவரும் காப்பவரும் ஒருவரேயாயிருந்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அடுத்தடுத்து வந்த கட்டளைச்சட்டங்களின் சமூகப் பின்னணி இங்கு நோக்கற்பாலது. அனுமதிப்பத்திரம், தடைக்காலம், தடைசெய்யப்பட்ட முறைகள் என்பனவே அவற்றின் சாரம். பரணிலிருந்து நீர்நிலையிற் சுடுவது, கண்ணி வைப்பது, இரவில் விளக்கொளி காட்டிச் சுடுவது ஆகியவை இழிந்தவை எனக் கருதப்பட்டன. பகலில் நடந்து சென்றோ நாய்களோடு துரத்தியோ கொல்வது விளையாட்டு எனப்பட்டது. ஓடாத மானை எய்யத் தயங்கிய தேவநம்பிய தீசனின் விதி ஆங்கில உருவில் மீண்டும் வந்துவிட்டது போலும். முறைகளைத் தரம் பிரித்தவர்கள் ஒரு வர்க்கத்தினர். இழிந்தவை எனப்பட்ட முறைகளையே அறிந்திருந்தவர்கள் மற்றொரு வர்க்கத்தினர். யாலப் பகுதியில் 1900ஆம் ஆண்டளவில் விலங்குச் சரணாலயம் ஒதுக்கப்பட்டபோது அதன் அருகே இன்னொரு நிலப்பரப்பும் ஒதுக்கப்பட்டது. நாட்டில் வதியும் வேட்டைப் பிரியர் அனுமதி பெற்று வேட்டையாடுவதற்கான ஒதுக்ககம் அது. சேனைக்காரனுக்கென எவரும் ஓர் ஒதுக்ககம் வகுத்திலர்.

இச்சரணாலயத்தின் முதற் காவலராக அமர்ந்தவர் ஏங்கல்பிறெக்ற் என்னும் போயர். தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்டுத் தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ ஐயாயிரவரில் அவரும் ஒருவர். போர் முடிந்தபின் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்தமையால் தாயகந் திரும்ப முடியாதவரானார். அம்முடியின் மான்களையே காக்கும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது வரலாற்றின் நகைச்சுவை. 1914இல் எம்டன் கப்பலுக்கு இறைச்சி வழங்கினார் என்னும் வதந்தியினால் சிறிது காலம் சிறையிலும் இருந்தார். குற்றம் பொய்யெனப் பின்னர் தெரிந்தது. சென்னை மீது குண்டு வீசித் தமிழ்ப் பேச்சு வழக்கிலும் தன் பெயரைப் பதித்துவிட்டுப் போன கப்பல், அம்பாந்தோட்டையில் ஒரு மான் காவலனையும் தொட்டுச் சென்றது.

ஏங்கல்பிறெக்ற் பணிபுரிந்த அம்பாந்தோட்டை மாவட்டத்தில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராயிருந்தவர் லெனாட் வூல்ப். சட்டத்தை நடைமுறைப்படுத்தியவர் அவர். சேனைக்கு அனுமதியை மட்டுப்படுத்தியவரும் அவரே. ஆனால் பதவியைத் துறந்தபின் 1913இல் அவர் வெளியிட்ட, காட்டிடைக் கிராமம் ஒன்றைப் பற்றிய நாவல், அச்சட்டத்தின் மறுபக்கத்தைக் காட்டிற்று. அதில் வரும் சிலிந்து என்னும் வேட்டைக்காரன் விலங்குகளின் மொழியை அறிந்தவன். தலைமைக்காரனின் சூழ்ச்சியை அறியாதவன். அவனுடைய மகள் ஒருத்தி காட்டிலிருந்து கொணரப்பட்ட மான்கன்றுக்குத் தன் குழந்தையோடு சேர்த்து முலையூட்டி வளர்க்கின்றாள். வறட்சியாலும் நோயாலும் வருந்தும் கிராமத்தவர், அக்கன்றைப் பேயின் பிறப்பெனக் கருதிக் கல்லெறிந்து கொல்கின்றனர். அவளும் அதன்பின் வாழவில்லை. மானை நேசிப்பதற்கு அக்கிராமத்தில் ஒருத்தியால் இயன்றது. அதற்கு அவள் கொடுத்த விலை அத்தகையது. வயிறு காயும் ஊரில் மானின்மேற் கொண்ட அன்பு பித்தாகவே பார்க்கப்படும் என்பதை அதிகாரியாயிருந்த ஒருவர் உணர்ந்து எழுதியது சிறப்பு.

1937ஆம் ஆண்டின் இரண்டாம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும் அடுத்த ஆண்டின் பிரகடனங்களும் யாவரும் அறிந்தவை. அவற்றை விரிக்க வேண்டியதில்லை. அதே காலப்பகுதியில் பாதுகாப்புச் சங்கம் தொடங்கிய சஞ்சிகையின் பெயர் மட்டும் குறிப்பிடத்தக்கது. ‘லோரிஸ்’, அதாவது தேவாங்கு. சுவரில் மாட்டக் கொம்பற்ற, தோட்டாவுக்குப் பெறுமதியற்ற ஒரு சிறு பிராணியை வேட்டைக்காரர் சங்கம் தன் ஏட்டுக்குப் பெயராகச் சூட்டியது. சட்ட வாசகங்களிலும் பார்க்க இப்பெயர் மாற்றத்தைத் தெளிவாகச் சொல்கின்றது.

பிற நாடுகளிலும் இக்காலத்தே இதே திருப்பம் நிகழ்ந்தது. வட இந்தியாவில் வன அதிகாரியாயிருந்த சாம்பியன் என்பார், விலங்கின் கால் பட்டதும் ஒளி பாய்ச்சிப் படம்பிடிக்கும் கருவியைக் காட்டுத் தடங்களிற் பொருத்தி, தாம் எடுத்த படங்களை 1927இல் நூலாக்கினார். ஸ்கொத்லாந்தின் மலைகளில் பிறேசர் டார்லிங் வெறுங்காலோடு நடந்து செம்மான் கூட்டமொன்றை ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்ந்தார். 1937இல் வெளிவந்த அவரது நூல் அக்கூட்டத்தின் வாழ்க்கை வரலாறு. ஜோர்ஜ் ஷாலர் 1960களில் மத்திய இந்தியாவின் கன்ஹாவில் தங்கி, மானையும் வரிப்புலியையும் பற்றிய நூலை 1967இல் வெளியிட்டார். வில்பத்திலும் ஐசன்பேர்க், லொக்கார்ட் ஆகியோர் நடத்திய ஆய்வு 1972இல் வெளிவந்தது. இவர்கள் எவரும் வேட்டைக்காரனின் நுட்பங்களைக் கைவிட்டாரல்லர். காற்றுக்கு எதிராக நடத்தல், அசையாதிருத்தல், தடம் பார்த்தல், எச்சத்தை ஆராய்தல் என எல்லாம் அவனிடம் கற்றவையே. அவன் பார்வை நின்ற இடத்தில் இவர்களின் பார்வை நிற்கவில்லை என்பதே வேறுபாடு.

அவ்விடத்திற்கு அப்பால் காணக்கிடைப்பது என்ன? துவக்கோடு சென்றவன் கண்டது ஒரு மானை. அதிலும் கொம்புள்ள கலையை. பொறுமையோடிருப்பவன் காண்பது ஒரு சமூகத்தை. வில்பத்தின் வில்லுக் கரையில் மாலை வேளையில் புள்ளிமான்கள் ஒவ்வொன்றாகக் காட்டின் விளிம்பை விட்டு வெளிப்படும். முதலில் ஒரு பிணை கழுத்தை நீட்டி நிற்கும். முன்னங்காலால் நிலத்தைத் தட்டும். ஐயந் தீர்ந்தபின் ஏனையவை வரும். ஒரே கூட்டத்தில் ஒரு கலைக்கு முதிர்ந்த கொம்பு, இன்னொன்றுக்கு மென்றோல் போர்த்த இளங்கொம்பு, வேறொன்றுக்குக் கொம்பு விழுந்த தழும்பு மட்டும். குளிர்நாட்டு மான்களைப்போல் எல்லாம் ஒரே பருவத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை. கொம்புதிர்ந்த கலையை வேட்டைக்காரன் ஏறிட்டும் பாரான். காண்பவனுக்கு அதுவும் சுவையானது. கலை பின்னங்கால்களில் எழுந்து நின்று தாழ்ந்த கிளையின் இலையை எட்டிப் பறிக்கும். மரத்தின்மேல் மந்திகள் தின்று சிந்தும் தளிரையும் கனியையும் மான்கள் கீழே பொறுக்கும். மேலே இருப்பது தொலைவில் வருவதைக் காணும். கீழே இருப்பது மணத்தால் அறியும். ஒன்றன் அபாயக்குரலுக்கு மற்றது செவிசாய்க்கும். அக்குரல் எழுந்தவுடன் முழுக் கூட்டமும் ஒரே திசையை நோக்கி உறைந்து நிற்கும் கணம், துவக்கின் வெடியோசையைக் கேட்டுச் சிதறும் கூட்டத்தைக் கண்டவனுக்கு ஒருபோதும் வாய்த்திராத காட்சி.

இவ்வின்பத்தை அனுபவிப்போர் யாவர் என்னும் வினா ஆயினும் எஞ்சி நிற்கின்றது. காட்டோரச் சேனையில் மரத்தின்மீது காவற்கொட்டில் அமைத்து விடிய விடிய விழித்திருக்கும் கமக்காரன், எந்த உல்லாசப் பயணியிலும் பார்க்க அதிக இரவுகள் மானைக் கண்டவன். பயற்றங்கொடியை மேயவரும் மானை அவன் கூவி விரட்டுகின்றான். இன்று புள்ளிமானையோ மரையையோ கொல்வது நாடெங்கும் குற்றம், அது நன்றே. ஆனால் மானைக் காப்பதன் செலவு அவன் வயலிலும், மானைக் காண்பதன் வரவு வேறெங்கும் சேர்கின்றன. ஏழு காவத எல்லைக்குள் வேட்டையைத் தடுத்தபோது பொன்னும் துணியும் கொடுத்த நிசங்கமல்லனை இவ்விடத்தில் நினைவுகூராதிருத்தல் இயலாது. அவன் தற்புகழ்ச்சிக்காரன் என்பது வேறு விடயம்.

காண்போரிடத்தும் பழைய வேட்டைக்காரன் முற்றாக மறைந்துவிடவில்லை. யாலவில் சிறுத்தையொன்று கண்ணிற்பட்டதெனச் செய்தி பரவியதும் ஜீப் வண்டிகள் நிரையாக விரைந்து குவிகின்றன. வழியில் மேயும் மான் கூட்டத்தை எவரும் நின்று பார்ப்பதில்லை. கொம்புக்குப் பதிலாகப் படம். ஆனால் எண்ணிச் சேர்க்கும் மனப்பான்மை பழையதே. பேக்கரின் நாய்களுக்கு அஞ்சி ஓடிய மரையின் வழித்தோன்றல்கள், 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட ஹோட்டன் சமவெளியில், பார் விடுதியின் அருகே வாகனங்கள் நிற்குமிடத்திற்கு வந்து பயணிகளின் கைகளிலிருந்து பாணும் பிஸ்கற்றும் தின்னக் கற்றுக்கொண்டன. அச்சம் நீங்கியது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கையேந்தும் மரையைக் காண்பது மரையைக் காண்பதாகுமா என்பது ஐயத்திற்குரியது. வில்பத்து 1980களின் நடுப்பகுதியில் போர் காரணமாக மூடப்பட்டு, 2003இல் திறந்து மீண்டும் மூடப்பட்டு, 2010இல் திறக்கப்பட்டது. பார்ப்போர் எவருமற்ற அவ்வாண்டுகளிலும் மான்கள் மாலைதோறும் வில்லுக் கரைக்கு வந்திருக்கும்.

தமிழ் மக்கள் மானைக் கட்டணமின்றிக் கண்டு பழகிய ஓரிடம் திருகோணமலை. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து 1624இல் கட்டிய கோட்டைக்கு 1803இல் ஆங்கிலேயர் யோர்க் கோமகனின் பெயரைச் சூட்டிப் பிரட்றிக் கோட்டை என அழைத்தனர். அக்கோட்டைக்குள் இன்று புள்ளிமான் கூட்டம் ஒன்று தன் விருப்பப்படி திரிகின்றது. கோட்டை வாயிலைக் கடந்து கோயிலுக்கு ஏறும் பாதையோரத்தில், மரநிழலில், இராணுவக் கட்டிடங்களின் முற்றத்தில் அவை படுத்து அசைபோடும். அருச்சனைத் தட்டோடு செல்வோர் திரும்பி வரும்போது வாழைப்பழத்தை உரித்து நீட்டுவர். சில மான்கள் கோட்டையை விட்டிறங்கிப் பட்டினத் தெருக்களிலும் கடற்கரையிலும் உலாவும். குப்பையிற் கிடக்கும் பொலித்தீன் பைகளைத் தின்று நோயுற்று மடிவனவும் உண்டு. பாளி நூல்கள் இவ்வூரைக் கோகண்ணம் என வழங்கின. மிகிந்தலையில் தேவன் எடுத்த மான் வடிவத்திற்கும் மகாவம்சம் அதே சொல்லையே பயன்படுத்துகின்றது. அச்சொல்லொற்றுமைக்கும் கோட்டை மான்களுக்கும் தொடர்பேதுமில்லை. அவற்றைக் காண்பதற்குப் பிள்ளைகள் பெற்றோரின் கையை விடுவித்துக்கொண்டு ஓடுகின்றனர். பின்னர், நெருங்கியதும், தாமாகவே அடியெடுத்து மெல்ல நடக்கின்றனர்.